மூன்றாவது நாள்

பணம் வாங்குவதற்கு முன் முதலீட்டாளரின் கணினி நகலோடு பேசிப் பார்க்கலாம். அவரைப் போலவே யோசித்து, அவர் குரலிலேயே பதில் சொல்லும். பீளமேட்டில் மருந்துக் குளிர்பெட்டி செய்யும் நிறைமதி, பணம் தர முன்வந்த இருவரின் நகல்களிடமும் ஒரே பொய்யைச் சொன்னாள்: "நூறு பெட்டி ஒழுகிருச்சுங்க. மருந்தெல்லாம் வீணாப்போச்சு."

பத்துக் கோடி தருவதாகச் சொன்னவரின் நகல் யோசிக்கவே இல்லை. "யாரை வேலைய விட்டுத் தூக்கப் போறீங்க?"

மூன்று கோடிக்காரரான ஹசீனாவின் நகல், "நோயாளிங்களுக்கு வேற மருந்து போய்ச் சேந்துச்சா?" என்று கேட்டது.

நிறைமதி அன்றே ஹசீனாவை நேரில் போய்ப் பார்த்தாள். "உங்க பணமே போதுங்க மேடம்."

ஹசீனா சிரித்தார். "உங்க நகலை நானும் ஒரு வாரம் வெச்சிருந்தேன். பெட்டி ஒழுகுச்சுன்னு அதுக்குச் சேதி அனுப்ப வெச்சேன். எங்கிட்ட ரெண்டு நாள் மறைச்சுது."

நிறைமதி தலைகுனிந்தாள். அவளும் அப்படித்தான் செய்திருப்பாள்.

"மூணாவது நாள் அதுவாவே கூப்பிட்டு எல்லாத்தையும் சொல்லிருச்சு. எங்கிட்ட பணம் கேட்ட மத்தவங்க நகலெல்லாம் கடைசி வரைக்கும் வாயே திறக்கல," என்று ஒப்பந்தத்தையும் பேனாவையும் நீட்டினார் ஹசீனா. "நெஜமா ஒழுகுனா, அன்னிக்கே கூப்பிடுங்க."