ஆல்ஃபா வீரபாகு

"வீரபாகு சார், நான் உங்களைக் கேட்கலை!"

ஜெஸ்ஸி சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். போர்டில் எழுதி யாரை வாசிக்கச் சொன்னாலும் வீரபாகு முந்திக்கொள்வார். முந்திரிக்கொட்டை என்றால் அப்படியொரு முந்திரிக்கொட்டை.

திருச்செங்கோட்டில் ஒரு டயர் கடை மாடியில் நடக்கிறது ஜெஸ்ஸியின் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. சாயங்கால பேட்ச் முழுக்க ஆண்கள், எல்லாருமே சொந்தத் தொழில்காரர்கள். வீரபாகு குமாரபாளையத்தில் லுங்கி, துண்டு நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். அவருக்குப் பக்கத்தில் உட்காரும் பச்சமுத்து, போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவர். அடுத்த மாதம் வண்டியோடு அவரும் ஆப்பிரிக்கா போகிறார். அங்கே போய் ஊமையாக நிற்க முடியாதே என்றுதான் இந்த வயதில் படிக்க வந்திருந்தார்.

பாவம், அந்த மனுஷன் வாசிக்க எழுந்தால் போதும், வீரபாகுவுக்குப் பொறுக்காது, தானே சத்தமாக வாசிக்க ஆரம்பித்துவிடுவார். அந்தச் சத்தத்தில் பச்சமுத்து பேசாமல் உட்கார்ந்துவிடுவார்.

அன்றைக்கு ஜெஸ்ஸி ஒரு முடிவோடு வந்தாள்.

"இன்னைக்குப் புதுப் பாடம். ஆம்பளைங்க கூட்டத்துல யாரு பெரியவன்னு போட்டி போடறாங்க இல்லையா, அதுக்கு இங்கிலீஷ்ல என்னென்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்."

ஆல்ஃபா மேல், டாப் டாக், பெக்கிங் ஆர்டர் என்று வரிசையாக எழுதினாள். எல்லாருக்கும் சுலபமாக இருக்கட்டும் என்று வழக்கம்போல் கீழேயே தமிழ் எழுத்திலும் எழுதினாள்.

"பெக்கிங் ஆர்டர்னா, கோழிக்கூட்டத்துல எது எதைக் கொத்தலாம்னு ஒரு வரிசை இருக்கும். மனுஷங்களுக்கும் அதைச் சொல்றாங்க."

"அது நம்ம பண்ணையில தினமும் நடக்கறதுதானுங்களே மேடம்!" என்றார் கோழிப்பண்ணை முருகானந்தம். "கொத்துற கோழிக்கு நாங்க மூக்கைக் கொஞ்சம் வெட்டி உட்ருவோமுங்க. ஆளுங்களுக்கு என்ன பண்றதுங்க?"

சொல்லிவிட்டு வீரபாகுவைப் பார்த்தார். வகுப்பே சிரித்தது.

"டாப் டாக்னா, மத்தவங்களை எல்லாம் அடக்கிட்டு மேலே நிக்கிற ஆளு. ஆல்ஃபா மேல்னா, அடுத்தவரைப் பேசவே விடாம தானே எல்லாத்திலயும் முன்னால நிக்கிறவர்" என்றாள் ஜெஸ்ஸி. "உதாரணம் தேடி நாம வெளியே போக வேண்டியதில்லை."

மறுபடியும் சிரிப்பு. வீரபாகுவும் சேர்ந்து சிரித்தார். ரோஷம் கெட்ட ஜென்மம் என்று ஜெஸ்ஸி மனசுக்குள் திட்டினாள்.

அந்த வார்த்தைகளை வைத்துப் போர்டில் நீளமாக ஒரு வாக்கியம் எழுதினாள்.

"பச்சமுத்து சார், நீங்க எழுந்து இதை வாசிங்க. வேற யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

பச்சமுத்து எழுந்தார். தொண்டையைச் செருமினார். முகத்தைத் துடைத்தார்.

"நானே படிச்சுடறேனுங்க மேடம்!"

"வீரபாகு சார், உட்காருங்க!"

அவர் உட்காரவில்லை. விறுவிறுவென்று முன்னால் வந்தார். டஸ்டரை எடுத்துப் போர்டை ஒரே இழுப்பில் அழித்தார்.

"நாயி, கோழின்னு எழுதி வச்சு எங்களைக் கேலி பண்றீங்களாங்க? இந்தப் பாடமே எங்களுக்கு வேண்டாமுங்க!"

ஜெஸ்ஸி கோபத்தோடு கதவைக் காட்டினாள்.

"நாளையிலிருந்து நீங்க இந்த வகுப்புக்கு வர வேண்டாம். கிளம்புங்க."

சண்டைக்கு நிற்பார் என்று எதிர்பார்த்தாள். "சரிங்க மேடம், வாரேனுங்க" என்று பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

அப்பாடா என்றிருந்தது ஜெஸ்ஸிக்கு. ஒரு பீடை ஒழிந்தது. இருந்த படபடப்பில் வகுப்பையும் அத்தோடு முடித்துக்கொண்டாள்.

எல்லாரும் போன பிறகும் பச்சமுத்து மட்டும் நின்றார்.

"அம்மணி, வீரபாகுவைத் திரும்பச் சேர்த்துக்கோணுங்க."

"உங்களுக்காகத்தானே சார் அவரை அனுப்பினேன்!"

"அதனாலதானுங்க நான் கேக்கறேன்."

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்க அம்மணி. இங்கிலீஷ் மட்டுமில்லீங்க, தமிழும் தெரியாது. பேரை மட்டும் கையெழுத்துப் போடுவேன். சின்ன வயசுலயே லாரியில கிளீனராப் போயிட்டனுங்க. பேச மட்டும் கத்துக்கலாம்னு வந்தா, இங்கே போர்டைக் காட்டி வாசிக்கச் சொல்றீங்க. இத்தனை முதலாளிங்க முன்னாடி குட்டு உடைஞ்சா அப்புறம் நான் இந்தப் படி ஏறுவேனுங்களா?"

ஜெஸ்ஸி திரும்பி, வீரபாகு அழித்த போர்டைப் பார்த்தாள்.

"வாயால பேசச் சொன்னப்ப அவர் ஒரு நாளாச்சும் எனக்குக் குறுக்க வந்திருக்காருங்களா? யோசிச்சுப் பாருங்க."

யோசித்தாள். ஒரு நாள்கூட இல்லை. வெட்கமாக இருந்தது அவளுக்கு.

"அவர்கிட்ட சொல்லி உதவி கேட்ட மாதிரி, என்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?"

பச்சமுத்து இல்லையென்று தலையாட்டினார்.

"அவருகிட்ட நான் சொன்னதே இல்லீங்க அம்மணி. தெரிஞ்ச மாதிரி அவரும் இன்னைக்கு வரைக்கும் காட்டிக்கிட்டதில்லீங்க."