முகர்ந்து பார்த்த ரொட்டி

எதையும் முகர்ந்து பார்க்காமல் வாயில் வைக்கும் வழக்கம் பட்டாசுக் கம்பெனி முதலாளி செந்தூர்பாண்டிக்கு இல்லை. தீபாவளியன்று காலையில் அடுப்படிக்குள் நுழைந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னம்மா இது, புளிச்ச நாத்தம்?"

மருமகள் பிரீத்தி அப்போதுதான் ரொட்டிப் பாக்கெட்டைப் பிரித்திருந்தாள்.

"மத்தியானம் கறிக்குத் தொட்டுக்கிட, மாமா. ரொட்டியப் பிச்சு, வெங்காயம், சோம்பு, வெண்ணெய் போட்டுப் பெரட்டணும். காஞ்ச ரொட்டின்னாத்தான் கறிச்சாறை நல்லா இழுக்கும்."

"காஞ்ச ரொட்டியா? பச்சைப் பூசணம்லா பூத்துக் கெடக்கு!" அவர் பாக்கெட்டை எட்டத் தள்ளினார். "நாய்கூட மோந்து பாக்காது. இதை மனுசருக்குக் குடுத்தவன் எவன்? சொல்லு, அவனைச் சும்மா விட மாட்டேன்!"

பிரீத்தி தயங்கினாள்.

"கடையில எல்லாம் புது ரொட்டியா இருந்துச்சு, மாமா. அதான், நம்ம கம்பெனியில வேலையாட்களுக்கு டீயோட குடுக்கீகள்ல, அதுல ஒரு பாக்கெட் எடுத்தாந்தேன்."

லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்று, புது ரொட்டிகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துத் தட்டில் வைத்தார் செந்தூர்பாண்டி. முதல் தட்டை வெடிமருந்து அடைக்கும் குருவம்மாளிடம் தாமே நீட்டினார். வாங்கியவள், வழக்கம்போல் பூசணத்தைக் கிள்ளி எறிவதற்காக ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இனிமே இருக்காது, தாயி," என்றார் அவர், தலை குனிந்து. "என்னை மன்னிச்சிரு."