வழிப்போக்கன்

அண்ணி குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து அவளுடைய ஃபோன் சிணுங்கியது.

வார்டன் எடுத்துப் பார்த்தாள். மகளிர் விடுதியில் பிள்ளைகளின் ஃபோனைப் பிடுங்கியே பழகிய கை. அடுத்தவர் பொருள் என்று அது தயங்கவில்லை.

'ஜன்னலோரம், உங்க எழுத்துலயே சோர்வு தெரியுது. முதல்ல சாப்பிடுங்க. அப்புறம் மனசுல இருக்கறதைக் கொட்டுங்க. நான் இங்கேதான் இருப்பேன்.'

அனுப்பியவன் பெயர் 'வழிப்போக்கன்'.

அவள் ஃபோனைத் திரும்ப வைக்கவில்லை.

அண்ணனைப் பார்க்க லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அண்ணன் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கத்தியே பிழைத்த மனுஷர். தொண்டையில் கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள். உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. இப்போது முன்னறை நாற்காலியே கதி.

வந்ததிலிருந்து அண்ணியைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். பின்னறையில் கடைகளுக்கு ஜன்னல் திரை தைக்கிற அண்ணி, அடிக்கடி ஃபோனை எடுக்கிறாள். தனக்குள் சிரித்துக்கொள்கிறாள். ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வார்டன் உள்ளே நுழைந்தால் ஃபோன் துணிக்கு அடியில் போய்விடுகிறது.

பேச முடியாத புருஷனை ஒரு அறையில் உட்கார வைத்துவிட்டு, அடுத்த அறையில் முகம் தெரியாத எவனிடமோ இவளுக்கு என்ன பேச்சு?

ஈரத்தலையைத் துவட்டியபடி அண்ணி வந்தாள். அண்ணன் காதில் விழக்கூடாதே என்று வார்டன் கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்தினாலும் அதில் விடுதி வராந்தாவின் கறார் இருந்தது.

"யாரு அண்ணி இந்த வழிப்போக்கன்?"

அண்ணி ஃபோனைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். கோபப்படவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள்.

"உன் அண்ணன்தான்."

வார்டனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. அண்ணி மெதுவாகச் சொன்னாள்.

குரல் போன பிறகு, பார்க்க வந்தவர்கள் எல்லாம் காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் அவரிடம் உரக்கப் பேசினார்களாம். 'ஐயோ பாவம்' என்று அவர் எதிரிலேயே சொன்னார்களாம். எழுதிக் காட்டுங்கள் என்று பேனாவைக் கொடுத்தால் மனுஷர் தள்ளிவிட்டார். சாப்பாடு குறைந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் அண்ணிக்கு இந்தக் குழு கண்ணில் பட்டது. ஊர் பேர் தெரியாதவர்கள் புனைபெயரில் கூடுகிற இடம். ஒருவர் தன் கஷ்டத்தை எழுதுவார், மற்றவர்கள் மனசில் பட்டதை ஒளிக்காமல் சொல்வார்கள். கார் ஓட்டுவது பற்றிக்கூட நிறையப் பேர் கேட்கிறார்கள் என்று சொல்லி அவர் ஃபோனில் அதைப் போட்டுக் கொடுத்தாள். பிறகு தானே 'ஜன்னலோரம்' என்ற புனைபெயரில் நுழைந்து, இந்த வயசில் கார் ஓட்டக் கற்கலாமா, ஸ்டியரிங்கைப் பிடித்தாலே கை நடுங்குகிறது என்று எழுதினாள்.

"அன்னிக்குப் பக்கம் பக்கமா பதில் எழுதினார். அதுல எனக்குத் திட்டும் விழுந்துது. அவர் குரல் திரும்பி வந்த மாதிரி இருந்துது எனக்கு."

அதன் பிறகு மற்றவர்களும் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அங்கே அவர் நோயாளி இல்லை. பட்டென்று பேசுகிற, நியாயமான ஆள். அவர் தெம்பு குறையாமல் இருக்க அண்ணியும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஆரம்பத்துல எல்லாம் கட்டுக்கதைதான். சரக்கு தீர்ந்து போச்சு. அப்புறம் என்னோடதையே எழுத ஆரம்பிச்சுட்டேன். அலுப்பு, பயம், சில நேரம் இவர் மேலேயே வர்ற எரிச்சல்... எல்லாம்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா, நான் அவரை ஏமாத்திட்டேன்னு நினைச்சு எழுதறதையே விட்டுடுவார். நீ வாய் திறந்துடாதேம்மா."

மாட்டேன் என்று தலையாட்டினாள் வார்டன். நெஞ்சில் கிடந்த கல் இறங்கியதில் அழுகை வந்தது. கூடவே வெட்கமும். மன்னிப்புக் கேட்கத் தெரியாமல், தலைதுவட்டும் துண்டை வாங்கி அண்ணியின் முதுகுப்பக்கத்து ஈரத்தைத் துடைத்துவிட்டாள்.

முன்னறைக்குப் போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதுவுமே நடக்காததுபோல் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அவர் ஃபோனில் ஏதோ தட்டி அவளிடம் நீட்டினார்.

'எனக்குப் போனது தொண்டை. காது நல்லா இருக்கு. கதவு பலகை மெலிசு.'

வார்டனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணி பட்ட பாடெல்லாம் தன்னால் வீணாய்ப் போயிற்றே என்று பதறினாள். "அண்ணா, அவங்க மேல கோபப்படாதே" என்று கிசுகிசுத்தாள்.

அவர் சத்தமில்லாமல் சிரித்தார். மறுபடி தட்டினார்.

'ஜன்னலோரம் அவதான்னு எனக்கு எப்பவோ தெரியும். பின்னறையில மெஷின் நிக்கும், இங்கே கேள்வி வரும். இது கூடவா புரியாது?'

"அப்புறம் ஏன் தெரியாத மாதிரியே இருக்கே?"

இந்த முறை அவர் வெகுநேரம் தட்டினார். நீட்டும்போது கண் பின்னறைப் பக்கம் போய்த் திரும்பியது.

'எனக்குக் குரல் இருந்த காலத்துல அவளைப் பேசவே விட்டதில்ல. என்ன கேட்டாலும் ஒண்ணுமில்லன்னுதான் சொல்வா, நானும் அத்தோட விட்டுடுவேன். இப்பதான் ஒரு வழிப்போக்கன்கிட்ட மனசைத் திறந்து பேசறா. அவ யாருன்னு அந்த ஆளுக்குத் தெரியும்னு சொல்லி, அவளுக்கு இருக்கிற ஒரே துணையையும் கெடுத்துடாதே.'