மூணாம் பாகத்துக்கு முப்பத்தொண்ணு

மூணாம் பாகத்துக்கு முப்பத்தொரு பேர் கட்டைவிரலைக் கீழே காட்டியிருந்தார்கள். அபிநயாவுக்கு வயிறு எரிந்தது.

பெரம்பலூரில் இ-சேவை மையத்தில் வேலை. "விரலை நல்லா அழுத்தி வைங்கம்மா" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி வாய் வலித்த பிறகு, பஸ் ஏறிச் சிறுவாச்சூருக்கு வந்து, செல்போன் முன்னால் உட்கார்ந்து வெளிநாட்டுப் படங்களுக்கு யூடியூபில் விமர்சனம் பேசுகிறவள்.

இப்போது பேசிக்கொண்டிருப்பது ஒரு ஸ்வீடன் நாட்டுத் துப்பறியும் படம். மொத்தம் நாலு பாகம். ஊரெல்லாம் பனி, வாரத்துக்கு ஒரு பிணம், ஒரு பெண் இன்ஸ்பெக்டர். அந்தம்மா கண்ணுக்கு ஒரு தூசு தப்பாது.

சும்மா சொல்லக் கூடாது, அபிநயா நன்றாகத்தான் பேசுவாள். "முதல் பாகத்துல கொலைகாரனைத் தேடினோம், ரெண்டாம் பாகத்துல கதையைத் தேடுறோம்" என்று அவள் சொன்னதைச் சென்னையில் யாரோ எடுத்துப்போட்டுப் பாராட்டியிருந்தார்கள். மூணாம் பாகத்தைக் கிழித்தே தொங்கவிட்டாள். இன்ஸ்பெக்டரம்மாவுக்குக் கோட்டு மாத்தினதைத் தவிர டைரக்டர் புதுசா எதையுமே யோசிக்கலையாம்.

எல்லாம் சரி, இந்தக் கீழ்விரல்? முதல் பாகத்துக்கு ஒண்ணு. ரெண்டாம் பாகத்துக்குப் பதினாலு. இப்போது முப்பத்தொண்ணு. பார்த்ததே இருநூறு பேர்.

படத்து இன்ஸ்பெக்டர் மாதிரியே அவளும் உட்கார்ந்து ஆராய்ந்தாள். காலையில் ஒன்றுமிருக்காது, மத்தியானம் ஒரு மணிக்கு மேல் பார்த்தால் மொத்தமாக விழுந்திருக்கும். சாப்பாட்டு நேரத்தில் கூட்டமாக உட்கார்ந்து எவனோ செய்கிற வேலை. எவன்? அரியலூரில் இருக்கிற மாமா மகன் செந்தில்குமாரும் அவன் சேக்காளிகளும்தான். அவனும் விமர்சனம் பேசுகிறவன். பேரே வாயில நுழையாத படத்துக்கு எவன் வருவான் என்று போன பொங்கலுக்குக் கேலி செய்தவன்.

போன் போட்டு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டாள். மதுரகாளி சத்தியமாக நான் இல்லை என்று அவன் தலையிலடித்துக்கொண்டான். அவள் நம்பவில்லை.

வீட்டில் சொல்லி ஆற்றிக்கொள்ளவும் வழியில்லை. அம்மா கொளஞ்சியம்மாளுக்கு எழுத்து வாசனை கிடையாது. வெங்காயம் சேர்த்துவைக்கிற பட்டறையில் சின்ன வெங்காயத்துக்குக் காய்ந்த தாள் அரியப் போகிறவள். மகள் வீடியோவைப் பார்த்தேன் என்று இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெத்தவளே சீந்தாதபோது ஊரான் என்ன கொண்டாடப் போகிறான்?

நாலாம் பாகமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். சேனலையே மூடிவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அபிநயா எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பட்டறையை நெருங்கும்போது மணி ஒன்று.

உள்ளேயிருந்து அவள் குரலே அவளுக்குக் கேட்டது. சட்டென்று வாசலிலேயே நின்றுவிட்டாள்.

வெங்காயக் குவியலைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் அம்மா. பக்கத்தில் வேணி அக்கா, கையில் போன். அதில் மூணாம் பாகத்து விமர்சனம் முடிகிற நேரம்.

"பாத்தியா? வெள்ளக்காரன் எடுத்த படத்துக்கே எம்மவ நொட்டம் சொல்றா" என்றாள் அம்மா. அப்படியொரு பெருமையை அந்த முகத்தில் அபிநயா பார்த்ததே இல்லை. "நாங்க எல்லாரும் அவங்கவங்க போன்ல கைநாட்டு வச்சாச்சு. லீவுல போனதால ஒன்னோடது ஒண்ணுதான் பாக்கி. வையி."

வேணி அக்கா குழம்பினாள். "இதுல ரெண்டு வெரல் இருக்கேக்கா. ஒண்ணு மேல பாக்குது, ஒண்ணு கீழ பாக்குது."

"பேங்குலயும் ரேசன் கடையிலயும் வெரலை மேல தூக்கிக் காட்டியா கைநாட்டு வச்ச? கீழ பாக்கறதுதான் நம்மளது, அதுல அழுத்து. நாம பாத்ததுக்கு ஒரு சாட்சி வேணாமா? எம்மவ பின்னாடி இத்தினி பேரு நிக்கிறோம்னு அவளுக்குத் தெரியணும்ல."

வேணி அக்கா அழுத்தினாள். முப்பத்திரெண்டு.

வெங்காயப் பட்டறையில் கண் கலங்கினால் யாரும் ஏனென்று கேட்பதில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. ஊரிலுள்ள கட்டைவிரலையெல்லாம் பிடித்து அழுத்திவிடுகிறவளுக்கு இது தோன்றவில்லையே! ஸ்வீடன் இன்ஸ்பெக்டர் முதல் பாகத்திலேயே கண்டுபிடித்திருப்பாள்.

உள்ளே போய்த் தூக்கைக் கொடுத்தாள். "இதையெல்லாம் ஏம்மா வூட்டுல சொல்லல?"

அம்மாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. "பாத்தேன்னு சொன்னா, என்ன புரிஞ்சுதுன்னு கேப்ப. நான் என்னத்தச் சொல்லுவேன்?"

அந்த விரலுக்கு யூடியூபில் என்ன அர்த்தம் என்பதை அபிநயா சொல்லவில்லை. வெளியே வந்து முதல் வேலையாகச் செந்தில்குமாருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள்.

அடுத்த வாரமே நாலாம் பாகத்து விமர்சனம் வந்தது. மறுநாள் மத்தியானம் ஒன்றரை மணிக்கெல்லாம் கீழே பார்க்கும் விரல் முப்பத்துமூணு.

பட்டறையில் மொத்தமே முப்பத்திரெண்டு பேர்தான். மிச்சம் ஒண்ணு, அபிநயா வைத்த கைநாட்டு.