ஸ்பெஷல் சைல்ட்

"உங்க சிநேகா ஸ்பெஷல் சைல்ட். தனி வகுப்புல போடறோம்" என்று டீச்சர் சொன்னதுமே ஹெலன் மறுத்துவிட்டாள்.

"என் பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். எல்லாரோடவும் குந்தட்டும்."

வீட்டுக்குப் போகும் வழியில் சதுரங்கப்பட்டினம் கடலைப் பார்த்து, "தண்ணி நீலமா கீது, நுரை மட்டும் ஏம்மா வெள்ளையா கீது?" என்றாள் சிநேகா.

"இதான்டி உன் வியாதி! கேள்வி கேக்காம மத்த பசங்க மாதிரி இரு."

சிநேகா கேள்வி கேட்காமல் இருக்கப் பழகினாள்.

மறு வருஷம் அந்தத் தனி வகுப்புப் பிள்ளைகள் மேடையேறிப் பரிசு வாங்கினார்கள். ஹெலன் குழம்பிப்போனாள்.

"டீச்சர், இது மூளை வளராத பசங்க வகுப்புதானே?"

"ஐயோ, அதிபுத்திசாலிப் பசங்களுக்கான வகுப்பும்மா! இப்ப சிநேகாவைச் சேர்க்க முடியாது. அவ சாதாரணமாயிட்டா."

சிநேகா அம்மாவின் கையைப் பிடித்துக் குதித்தாள்.

"அப்ப எனக்குச் சரியாப் போச்சாம்மா?"