உப்பு பார்க்க ஆள் இல்லை

"கை எதுக்கு வாய்க்குப் போகுது?"

டீச்சர் போட்ட சத்தத்தில் கசாப்புக்கடை மாமா உரித்துக்கொண்டிருந்த வெங்காயம் உருண்டு அடுப்படிக்கே போய்விட்டது.

"மூக்கு அரிச்சுது டீச்சர்!"

"மூக்கு மேல இருக்கு. கை கீழ இல்ல போச்சு?"

சர்ச் கூடத்துக்குப் பின்னால் இருக்கிற சமையலறை மொத்தமும் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. ஞாயிறு வகுப்பில் எங்களுக்கெல்லாம் வேதம் சொல்லிக்கொடுத்தவர். சிரித்தால் அபராதம் போடுவார்களோ என்கிற மாதிரிதான் எப்போதும் இருப்பார்.

வருஷத்துக்கு ஒருமுறை இந்தச் சாப்பாட்டு விற்பனை. இந்தத் தடவை முதியோர் இல்லத்துக்கு வாஷிங் மெஷின் வாங்க. அங்கே சிஸ்டர்கள் போர்வையெல்லாம் கையால் துவைத்துத் துவைத்து விரல் வெந்து கிடக்கிறார்கள்.

இதில் ஒரே ஒரு தொல்லை, எங்கள் சர்ச்சின் பழைய கட்டுப்பாடு. பூசையில் நன்மை வாங்கும் வரை, அதாவது ஃபாதர் அந்த அப்பத்தை நாக்கில் வைக்கும் வரை, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. பட்டால் அன்றைக்கு நன்மை கிடையாது. ஆனால் சமையல் பூசைக்கு முன்னாடியே முடியணும். பசியோடு வெளியே வருகிறவன்தான் ஒரு பொட்டலம் சேர்த்து வாங்குவான்.

அப்போது உப்பு பார்க்கிறது யார்? இன்னும் நன்மை வாங்காத பொடிசுகளிடம் கொடுத்தால் எல்லாமே காரம் என்று அழும்.

"ஜெபம் பண்ணிக்கிட்டே சமைச்சா உப்பு தானா சரியா இருக்கும்" என்பார் டீச்சர். எல்லாரும் தலையாட்டுவார்கள். வருஷா வருஷம் குழம்பும் கச்சிதமாகத்தான் இருக்கும்.

மண்ணாங்கட்டி. எங்கள் அம்மாதான் கிண்ணத்தோடு ஸ்டோர் ரூமுக்குள் போய் ருசி பார்த்துவிட்டு வருவாள். அதனால் எல்லாரும் நன்மை வாங்க எழுந்து போகும்போது அம்மா மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாள்.

"நல்ல நாள்ல இப்படி உக்காந்திருக்காளே, மனசுல என்ன அழுக்கோ" என்று அம்மா காதில் விழுகிற மாதிரியே டீச்சர் சொல்வார்.

"சொல்லித் தொலையேம்மா" என்றால், "சொன்னா இத்தனை பேருக்கும் சங்கடம்டி. விடு" என்பாள்.

இந்த வருஷம் விட முடியாது. அதே பூசையில் தம்பிக்கு முதல் நன்மை. அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் நின்று சேர்ந்து வாங்கணும். அப்பா கப்பலில் சமையல்காரர். எந்தக் கடலில் இருக்கிறார் என்று அவருக்கே தெரியாது.

"நீ வரலேன்னா நானும் போக மாட்டேன்" என்று தம்பி அடம்பிடித்துவிட்டான்.

"இந்த ஒரு தடவை ஜெபத்தையே நம்பிடறேன்" என்றாள் அம்மா.

"நான் ருசி பாக்கறேன்மா."

"நீயா? உனக்கு வெந்நீருக்கும் குழம்புக்கும் வித்தியாசம் தெரியாதேடி!"

மணி அடிக்கப் போகிற நேரம். அம்மா குழம்பு அண்டாவைக் கிளறிக்கொண்டே கேட்டாள்: "உப்பு போட்டாச்சா?"

"நான் அப்பவே போட்டேனே" என்றார் கசாப்புக்கடை மாமா.

"ஐயையோ, நானும் போட்டேன்!" என்றார் தையல்கார அக்கா.

ஆர்மோனியம் வாசிக்கிற அண்ணன் மெதுவாகக் கையைத் தூக்கினார். "ஒரே ஒரு கைப்பிடிதான்..."

அம்மா முகத்தில் ஈயாடவில்லை. உப்புக் கரித்தால் எவன் வாங்குவான்? வாஷிங் மெஷின் அம்பேல்.

கரண்டியில் குழம்பை எடுத்தாள். வாசலில் தம்பி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அவளையே பார்த்தபடி நின்றான். கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது.

டீச்சர் வந்து அதைப் பிடுங்கினார்.

"புள்ள பட்டனை மாத்திப் போட்டுக்கிட்டு நிக்குது. நீயெல்லாம் ஒரு அம்மா! போ, போய் அவனைப் பாரு."

"இல்ல டீச்சர், உப்பு..."

"எல்லாரும் அடுப்படிய விட்டு வெளிய போங்க! மணி அடிக்குதே, காதுல விழல?"

கோழிகளை விரட்டுகிற மாதிரி விரட்டினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தம்மாவுக்கு வாயைத் தவிர வேற என்ன இருக்கு?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே. அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

பிரசங்கம் பாதியில்தான் டீச்சர் வந்தார். எங்கள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நன்மை நேரம். தம்பி அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரி நடந்தான். ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கினார்கள். திரும்பி வரும்போது அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயைத் திறந்தால் அப்பம் விழுந்துவிடும் என்று உதட்டை இறுக்கிக்கொண்டே சிரித்தான். அவனைப் பார்த்து அம்மா சிரிக்க, அம்மாவைப் பார்த்து நான் சிரிக்க, ஃபாதரே சிரித்துவிட்டார்.

பெஞ்சுக்கு வந்தோம். ஒரே ஒரு ஆள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். எப்போதும் வரிசையில் முதலில் போய் நிற்கிற டீச்சர்.

பின்னாலிருந்து யாரோ, "டீச்சரே போகலையா? என்னவாம்?" என்று குசுகுசுத்தார்கள்.

அம்மா அவர் பக்கத்தில் மண்டியிட்டாள். "டீச்சர்... நீங்களா..."

டீச்சர் பீடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தண்ணியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சரி பண்ணிட்டேன். உன் கரண்டி பாதியில நின்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. இத்தனை வருஷம் நீ பாத்தாச்சு. இனிமே ஒரு வருஷம் நீ, ஒரு வருஷம் நான். இப்போ பேசாம ஜெபம் பண்ணு."