கற்பூரத்துக்கு ஒரு கரண்டி எண்ணெய்

கிண்ணத்துத் தண்ணீரில் உப்புக்கல் குதித்தது, சர்க்கரை குதித்தது. இரண்டும் சிரித்துக்கொண்டே கரைந்துபோயின. ஆசைப்பட்டுக் கற்பூரமும் குதித்தது. சுற்றிச் சுற்றி வந்தும் கரையாமல் மேலேயே மிதந்தது.

"உனக்கு யாரோடும் ஒட்டத் தெரியாது" என்றது தண்ணீர்.

கற்பூரம் அழாத குறையாக வெளியே வந்தது. பக்கத்துக் கரண்டியில் வெதுவெதுப்பாக இருந்த தேங்காய் எண்ணெய், "இங்கே வாயேன்" என்று கூப்பிட்டது.

"வேண்டாம். நான் யாரோடும் ஒட்டமாட்டேனாம். தண்ணீரே சொல்லிவிட்டது."

"என்னிடமும் அதையேதான் சொன்னது. நீ வா."

கற்பூரம் தயங்கித் தயங்கி இறங்கியது. முதலில் அதன் ஓரம் இளகியது. பிறகு கூச்சமும் போய், முழுவதுமாகக் கரைந்தது.

"எங்கே இருக்கிறாய்?" என்று எண்ணெய் கேட்டது.

கரண்டியின் எல்லாப் பக்கத்திலிருந்தும் சிரிப்புச் சத்தம் வந்தது.